சாலோமியின் இரண்டாவது கேசட்

“பேர மாத்திருவோம் பிள்ள. அதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

“பேர மாத்தலாம். தொண்டைய என்ன செய்யப் போறிய அண்ணாச்சி?”

“எதிரொலியக் கொஞ்சம் கூட்டிவிட்டா ஆளே தெரியாது. அது எம் பொறுப்பு.”

“போன தடவயும் எதிரொலியக் கூட்டுதேன்னுதான் சொன்னிய,” என்றான் தரையில் உட்கார்ந்து டோலக்கின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவன். “கடைசில கெணத்துக்குள்ள விழுந்தவ கூப்பிடுத மாதிரி இருந்துச்சு.”

“ஏலே வன்னி, நீ டோலக்க மட்டும் பாருல.”

ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்கு வண்ணார்பேட்டையில் கேசட் கடை. கீழே கடை, மாடியில் பாட்டுப் பதிவு செய்யும் அறை. நான்கு சுவர்களிலும் முட்டை அட்டைகளை ஒட்டி, ஜன்னலுக்குப் பழைய மெத்தை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் மூவரும் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார்கள். பேருந்துகளின் ஹாரனை மட்டும் எந்த மெத்தையாலும் தடுக்க முடியவில்லை. வன்னியராஜ் மெத்தையை விலக்கி எட்டிப்பார்த்து, சாலை காலியாக இருக்கிறது என்று கையைக் காட்டினால்தான் பதிவு தொடங்கும். ஒரு பாட்டு முடிவதற்குள் பாபநாசம் வண்டி வந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து பாட வேண்டும்.

சாலோமி தன் புல்புல்தாராவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தந்திகளின் மேல் தட்டச்சு எந்திரத்தைப் போல விசைகள் வரிசையாக இருக்கும் கருவி அது. விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் அவள் ஆசிரியை. விரல்களுக்கு விசைகள் பழகியிருந்ததால் இந்தக் கருவியை யாரிடமும் போய்க் கற்காமல் தானாகவே வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.

“மே இருபத்திரெண்டு தங்கச்சிக்குக் கல்யாணம் அண்ணாச்சி,” என்றாள். “அதுக்கு ஒரு மாசம் முன்னாடியாவது கேசட் வெளிய வந்திரணும். மாப்பிள்ள வீட்டுக்காரங்க கேக்கணும். எங்க அப்பா கேக்கணும். அதக் கேட்டாத்தான் ரிசப்சன்ல என்னப் பாட விடுவாங்க. ஜெசிக்குன்னு எழுதின பாட்டு. நாந்தான் பாடணும்.”

“பேரு வேற போட்டா நீதான் பாடினன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் சொல்லுவேன்லா. முதல்ல பாட்டக் கேக்கட்டும். சிரிச்சிக்கிட்டே கேக்கட்டும். பெறவு சொல்லுதேன்.”

 அண்ணாச்சி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். “என்ன பேரு வேணுமோ எழுது.”

வசந்தா என்று எழுதினாள். எழுதிய பிறகு அந்தப் பெயருக்கு ஒரு முகத்தை யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, இதே அறையில்தான் அவளுடைய முதல் கேசட் பதிவானது. ‘படித்துறை’ என்று பெயர். எட்டுப் பாட்டுகள். எட்டிலும் சொல்லும் மெட்டும் அவளுடையவை. தட்டச்சுப் பள்ளியில் பிள்ளைகள் பதினெட்டு எந்திரங்களை ஒரே நேரத்தில் தட்டும்போது எழுகிற ஓசையில் சில நேரம் ஒரு தாளம் அமைந்துவிடும். வீணான பயிற்சித்தாளின் பின்பக்கத்தில் உடனே எழுதி வைத்துவிடுவாள். கடைசி வண்டியைத் தவறவிட்டு அம்பாசமுத்திரம் வரை நடக்கிற பெண்ணின் பாட்டு ஒன்று. பாபநாசத்துக் குரங்கு புது மாப்பிள்ளையின் இட்லிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிற கேலிப் பாட்டு ஒன்று. ரேஷன் கடை வரிசையில் இரண்டு பேர் காதலிக்கத் தொடங்குகிற பாட்டு ஒன்று. சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் கதவைச் சாத்தும்போது அவர்கள் கல்யாணம் பேசி முடித்திருப்பார்கள். ஆற்றங்கரை ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் வேலை முடித்துவிட்டு இந்தப் பாட்டுகளைப் போடுவார் என்றும், அடுத்த வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பாள் என்றும் அவள் கற்பனை செய்து வைத்திருந்தாள்.

ஏழாவது பாட்டு பேச்சித்தாய்க்கு எழுதியது. பேச்சித்தாய் வன்னியராஜின் அக்கா. நூல் மில்லில் சங்கு ஊதியதும் முதல் ஷிப்டுக்குப் போகிறவள். மஞ்சள் காமாலை கண்டு பன்னிரண்டு நாளில் இறந்துபோனாள். முப்பது வயது. அந்த வீட்டில் எல்லோரும் அழுதபோது சாலோமிக்கு அழுகை வரவில்லை. திரும்பி வந்து, பூட்டியிருந்த தட்டச்சுப் பள்ளியைத் திறந்து, தனியாக உட்கார்ந்து எழுதினாள்.

சங்கு ஊதியாச்சு, செருப்பு கெடக்கு வாசல்ல,
சாப்பாட்டு வாளியில சூடு இன்னும் ஆறல்ல,
முத ஆளாப் போறவளே, முத்துப் பல்லுக்காரியே,
முகம் கழுவ எந்திரிக்க மனசு வல்லையோ?

பதிவு செய்த அன்றைக்கு வன்னியராஜுக்கு இந்தப் பாட்டில் மட்டும் கை ஓடவில்லை. டோலக்கைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டான். அதனால் அந்தப் பாட்டில் தாளம் கிடையாது. அவள் குரலும் புல்புல்தாராவும் மட்டும்தான். ஒரே தடவையில் பாடி முடித்தாள். அண்ணாச்சி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையைத்தான் துடைக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

ஐந்து மாதம் அந்தக் கேசட்டை யாரும் சீண்டவில்லை. பிறகு சேரன்மகாதேவியில் குழாய் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற ஒருவர் சாவு விழுந்த ஒரு துட்டி வீட்டில் ஏழாவது பாட்டைப் போட்டார். அன்று அந்த வீட்டில் அதுவரை வாய்விட்டு அழாதிருந்த பெரிய மகன் கூடத் தரையில் விழுந்து புரண்டு அழுதானாம். செய்தி ஸ்பீக்கர்காரர்களிடையே பரவியது. வாரம் பத்துப் பேர் அண்ணாச்சியின் கடைக்கு வந்து, ‘அந்த சங்குப் பாட்டு’ என்று கேட்டு வாங்கினார்கள். பிணம் கிடக்கிற வீட்டில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் போட ஆள் வேண்டியிருக்கிறது என்று அவர்கள் குறைப்பட்டுக்கொண்டபோது, அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு மணி நேரக் கேசட்டில், இந்தப் பக்கம் ஆறு முறை, அந்தப் பக்கம் ஆறு முறை, அந்த ஒரே பாட்டை நிரப்பினார். அட்டைக்குக் கறுப்புக் கரை கட்டினார். மற்ற ஏழு பாட்டுகளும் அப்படித்தான் கேசட்டை விட்டே போயின.

அவள் குரல் அவள் ஆசைப்பட்ட எல்லா வீடுகளுக்கும் போனது. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த ஒரு நாளில் மட்டும் போனது.

முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அது குறையத் தொடங்கிய நாள் நினைவிருக்கிறது. எதிர்வீட்டு விஜயஸ்ரீ குழந்தை பெற்று மூன்று மாதமாகியிருந்தது. சாலோமி குழந்தையை மடியில் வாங்கி, சொல் ஏதும் இல்லாமல் ரேஷன் கடைப் பாட்டின் மெட்டை மெல்ல முனகினாள். விஜயஸ்ரீ கை நீட்டினாள்.

“குடுக்கா. பசிக்கு போல.”

குழந்தையின் கடைவாயில் அப்போதுதான் குடித்த பால் இருந்தது.

அதன் பிறகு இப்படியே நடந்தது. கோயில் கொடை விழாவில் பாடக் கூப்பிட்டிருந்தவர்கள் மேடை சிறியது என்று ஆள் அனுப்பினார்கள். தெருவில் ஒரு கல்யாணத்துக்கு, “நீ பந்திக்கு வந்தாப் போதும் தாயி, காலைல அலையாண்டாம்” என்றார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லோரும் மிக அன்பாகப் பேசினார்கள். துணி துவைக்கும்போது அவள் பாடினால் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் மெதுவாக, சத்தமில்லாமல் சாத்தப்பட்டன.

“எங்க அக்காவுக்குன்னு பண்ணின பாட்டு,” என்று வன்னியராஜ் ஒருநாள் சொன்னான். “இப்ப ஊர்ல செத்தவன் எல்லாம் எங்க அக்கா ஆயிட்டான். மீசக்காரன், எம்பது வயசுக் கெழவன், எல்லாவனுக்கும் முத்துப் பல்லு.”

அவளுடைய அப்பா ஞானையா மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். “நாம சகுனம் பாக்குத ஆளுக கெடையாது,” என்று எல்லோரிடமும் சொல்வார். “நமக்கு நாளும் இல்ல, கோளும் இல்ல. அதெல்லாம் அவிசுவாசம்.” ஜெசிக்குச் சம்பந்தம் பேசிப் பாளையங்கோட்டையிலிருந்து ஆட்கள் வந்த அன்றைக்கு மட்டும், “சாலோமி டைப் கிளாசுக்குப் போயிருக்கா,” என்று அவர்களிடம் சொன்னார். அது ஞாயிற்றுக்கிழமை. சாலோமி அடுக்களையில் இருந்தாள். மாப்பிள்ளை சுஜினின் அம்மா ஜெபகனி டீச்சர், “ஞாயித்துக்கெழமயுமா கிளாசு?” என்று கேட்டது அவளுக்குக் கேட்டது.

அம்மா இல்லாத வீடு. ஜெசியை வளர்த்தவள் சாலோமிதான். ஜெசி நர்ஸ் படிப்பு முடித்து, திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாள். அவளுக்கான பாட்டை சாலோமி நிச்சயதார்த்தத்துக்கு முன்பே எழுதிவிட்டாள். எழுதிய தாளைத் தபாலில் அனுப்பினாள். “ரொம்ப நல்லா இருக்குக்கா,” என்று ஒரே வரியில் பதில் வந்தது.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல,” என்று அவள் தாளில் எழுதிய பெயரைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி ஆரம்பித்தார். “நீ மனசு வச்சா சங்குப் பாட்டுக்கு ரெண்டாம் பாகம் போட்டிரலாம். அம்மாவுக்கு ஒண்ணு, அப்பனுக்கு ஒண்ணு, புருசனுக்கு ஒண்ணு. ஆளாளுக்குத் தனித்தனியா.”

“கல்யாணப் பாட்டு போடுவோம்னு சொல்லித்தான வரச் சொன்னிய?”

“யோசிச்சுப் பாரு பிள்ள. கல்யாணத்துக்கு எங்க ஆளுகளுக்கு ஆடி ஆவாது, மார்கழி ஆவாது. ஒங்க ஆளுகளுக்கு ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோம்பு நாள் ஆவாது. துட்டிக்கு மாசம் உண்டா, கெழம உண்டா?”

“அண்ணாச்சி.”

“சரி, சரி. பாடு. சிரிச்சிக்கிட்டே பாடு. சிரிப்பு டேப்புல ஏறும்.”

வன்னியராஜ் மெத்தையை விலக்கிப் பார்த்துக் கையைக் காட்டினான். அவள் சிரித்துக்கொண்டே பாடினாள்.

ஆத்துல குளிச்சு என் தங்கச்சி
அஞ்சாம் படியேறி வாரா பாரு,
பட்டு மடிச்சு வச்சிருக்கேன்,
பந்தல் சனமே வழி விடுங்க.

டோலக் துள்ளியது. வன்னியராஜ் இரண்டு வருடம் கட்டிப்போட்டிருந்த கையை அவிழ்த்துவிட்டதைப் போல வாசித்தான். ஆறு பாட்டுகள், ஆறும் கல்யாணம், வளைகாப்பு, கேலி, கிண்டல். இரண்டு நாளில் முடித்தார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி தொடையில் தாளம் போட்டபடி, “இது போவும் பிள்ள,” என்றார். சாலோமி அன்று ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முக்கூடல் விலக்கு வரை தன்னையறியாமல் புன்னகைத்துக்கொண்டே போனாள்.

அந்த வருடம் தேர்தல். ஊரில் இருந்த பிரதி எடுக்கிற எந்திரங்கள் அத்தனையும் கட்சிகளின் பிரசாரக் கேசட்டுகளுக்கே ஓடின. வசந்தாவின் ‘பந்தல் பாட்டுகள்’ ஏப்ரல் மூன்றாம் வாரம்தான் கைக்கு வந்தது. அட்டையில் வாழைமரமும் குத்துவிளக்கும் போட்டிருந்தார் அண்ணாச்சி. “ரெண்டு மதத்துக்கும் பொது,” என்றார்.

கடை வாசலில் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி உண்டு. புதுக் கேசட் வந்தால் அதில் போட்டு ஒருநாள் முழுக்க ஓட விடுவது அவர் வழக்கம். கூட்டம் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க, சாலோமியும் வன்னியராஜும் எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். காலை பத்து மணி இருக்கும். அங்கிருந்து பார்த்தால் கடை வாசலும் பேருந்து நிற்கிற இடமும் நன்றாகத் தெரிந்தன.

முதல் பாட்டு ஜெசியின் பாட்டு. டோலக் தொடங்கியதும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தலையை ஆட்டினார். வன்னியராஜ் சாலோமியின் முழங்கையை இடித்தான். “பாத்தியா?”

பிறகு குரல் வந்தது.

தலையில் துண்டு கட்டியிருந்த ஒரு பெரியவர் சைக்கிளை விட்டு இறங்கினார். துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். எந்த ஊர்வலமும் வரக் காணோம் என்றதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடையைத் தாண்டிப் போய், அங்கே மறுபடியும் ஏறிக்கொண்டார். பெஞ்சில் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர், சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், குரலைத் தாழ்த்தினார். “அங்கன யாருக்கு?” என்று டீக்கடைக்காரரிடம் கேட்டார்.

“தெரியலயே. கேசட் கடை அண்ணாச்சி வீட்லயா இருக்குமோ?”

“நேத்து கூடப் பாத்தேனே மனுசன.”

ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. கூடையோடு இறங்கிய வயதான பெண் ஒருத்தி நேராக டீக்கடை நிழலுக்கு வந்து கூடையை இறக்கி வைத்தாள். காதைத் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டாள். மூக்குத்தி மின்னும் முகம் சுருங்கியது.

“பட்டு மடிச்சு வச்சிருக்கேங்கா. பந்தலுங்கா,” என்றாள் பொதுவாக எல்லோரிடமும். “கல்யாணம் ஆகாத பிள்ளையாக்கும் போயிருக்கு. அய்யோ பாவமே. அதான் கல்யாணம் சொல்லி அழுதாவ.”

“அது துட்டிப் பாட்டு இல்ல ஆச்சி,” என்றான் வன்னியராஜ். “நெசமாவே கல்யாணப் பாட்டு. டோலக் அடிக்கது கேக்கலயா?”

“எனக்கா தெரியாது? எம் மவளுக்கு இந்தப் பிள்ள குரலத்தான போட்டாவ. சங்கு ஊதியாச்சுன்னு அவ சொல்லும்போது எனக்கு உசுரு இருந்துச்சுங்கியா? கொமரிப் பிள்ள செத்தா மேளம் வச்சுத்தான் எடுப்பாவ, ஒனக்கென்ன தெரியும்.” அவள் சாலோமியின் பக்கம் திரும்பினாள். சாலோமியின் முகத்தில் எதைக் கண்டாளோ தெரியவில்லை. “தெரிஞ்ச பிள்ளையா தாயி?”

சாலோமிக்கு விளக்க வேண்டும் என்றுதான் இருந்தது. “எந் தங்கச்சிக்குப் பாடினது அது,” என்றாள்.

ஆச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொரசொரப்பான, மீன் வாசம் அடிக்கிற கை. “எத்தன வயசு?”

“இருவத்தி மூணு. ஆச்சி, அவ நல்லாத்தான்...”

“நல்லாத்தான் இருந்திருப்பா. நல்லா இருக்கதுகதான் போவுது. அழாத மக்கா. அழாத.”

அழுதுகொண்டிருந்தது ஆச்சிதான். பெஞ்சில் இருந்தவர் எழுந்து சாலோமிக்கு இடம் விட்டு நின்றார். டீக்கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் தள்ளி வைத்தார். அவளால் கையை விடுவித்துக்கொள்ள முடியவில்லை. எதிரே அவளுடைய குரல் பந்தலில் வழி விடச் சொல்லிச் சிரித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தது. சிரிப்பு டேப்பில் ஏறித்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே பாடுவதால்தான் அது தாங்க முடியாததாக இருக்கிறது என்று, அந்தக் கையின் பிடியில் அவளுக்குப் புரிந்தது.

மாலையில் அண்ணாச்சி கணக்கப்பிள்ளையை அனுப்பாமல், அவர்கள் காத்திருந்த மாடிக்குத் தானே வந்து சொன்னார். அவர் முகத்தில் சந்தோஷத்தை மறைக்கிற சங்கடம் இருந்தது. மூன்று ஸ்பீக்கர்காரர்கள் முதல் பாட்டை மட்டும் தனியாக நிரப்பித் தரக் கேட்டிருக்கிறார்கள். வயசுப் பிள்ளைகள் இறந்தால் போடுவதற்கு இதுவரை நல்ல பாட்டு ஒன்றும் இல்லையாம்.

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன் பிள்ள.”

“என்ன சொன்னிய?”

“சொன்னேன். கேக்க மாட்டேங்கானுவ.”

“குடுத்திட்டியளா?”

அண்ணாச்சி முட்டை அட்டைகளைப் பார்த்தார். “நான் குடுக்காட்டியும் அவனுவளே பதிஞ்சிக்கிடுவானுவ தாயி.”

வன்னியராஜ் டோலக்கைப் பைக்குள் போட்டுக் கயிற்றைக் கட்டினான். “அடுத்த தடவ தப்பட்ட வாங்கிட்டு வந்திருதேன் அண்ணாச்சி,” என்றான். 

ஆனாலும் சாலோமி அந்தப் பாட்டை விடவில்லை. கேசட் தோற்றுப்போனால் போகட்டும், ஆள் நேரில் நின்று பாடும்போது முகம் தெரியும், சிரிப்பு தெரியும், எதிரே மணப்பெண் உயிரோடு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துக்கொண்டே எவர் துட்டி என்று நினைப்பார்? தட்டச்சுப் பள்ளியைப் பூட்டிய பிறகு ஜன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே தனியாகப் பாடிப் பழகினாள். அப்பா ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஏட்டி, ரிசப்சனுக்கு ஆர்க்கெஸ்ட்ரா அவங்களே ஏற்பாடு பண்ணுதாங்களாம்.”

“பண்ணட்டும்பா. நடுவுல ஒரு பாட்டுத்தான நான் கேக்கேன்.”

“நமக்கு ஒண்ணும் இல்ல. நாம சகுனம் பாக்க மாட்டோம். அந்த டீச்சரம்மா என்ன நெனப்பாங்களோ.”

“டீச்சரம்மாட்ட நானே பேசுதேன்.”

பேசவும் செய்தாள். பாளையங்கோட்டைக்குப் போய், ஜெபகனி டீச்சரின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, முதல் கேசட், இரண்டாவது கேசட், சங்குப் பாட்டு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். “எங்க வீட்டுக்காரங்க அடக்கத்துக்கும் ஒன் பாட்டத்தான் போட்டாங்க,” என்றார். “எனக்கு அது ஆறுதலாத்தான் இருந்துச்சும்மா. நீ தாராளமாப் பாடு. யாராவது கேட்டா நான் பதில் சொல்லுதேன்.” சாலோமிக்கு அந்தக் கணத்தில் அவர் காலில் விழலாம் போலிருந்தது. திரும்பி வரும்போது ஆறு வெயிலில் தகடு போலக் கிடந்தது. ஒரு தடையும் மிச்சமில்லை என்று அவள் நினைத்தாள்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ஜெசி விடுப்பு எடுத்து வீட்டுக்கு வந்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டு இருவரும் கடைசியாக அனுப்ப வேண்டிய அழைப்பிதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பள்ளியிலிருந்து கொண்டுவந்த எந்திரத்தில் சாலோமி உறைகளில் விலாசம் அடித்தாள். ஜெசி பசை தடவி ஒட்டினாள். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

“ஒங்க மாமியார் சரின்னுட்டாங்க தெரியுமா?” என்றாள் சாலோமி. “பல்லவிய ரெண்டு தடவ எடுக்கேன். நீ மேடைல தல குனிஞ்சிராத. நிமிந்து என்னப் பாத்துச் சிரி. நீ சிரிச்சாத்தான் சனம் சிரிக்கும்.”

ஜெசி ஒரே உறையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி?”

“எக்கா, அந்தப் பாட்டு வேண்டாம்.”

“யாரு சொன்னா? சுஜினா?”

“அவ்வோ ஒண்ணும் சொல்லல. யாரும் சொல்லல. நாந்தான் சொல்லுதேன்.”

சாலோமியின் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. சகுனம் பற்றி யார் என்ன கேட்டாலும் சொல்வதற்கு அவளிடம் பதில்கள் இருந்தன. ஒன்றரை வருடமாகச் சேர்த்து வைத்தவை. “நீயுமா?” என்று தொடங்கினாள். “படிச்சவ நீ. நர்சு. நீயே சகுனம்...”

“சகுனம் இல்லக்கா.” ஜெசி நிமிர்ந்தாள். “எங்க வார்டு ஜன்னலுக்குக் கீழதான் பொணவற வாசல். வேன் வந்து நிக்கும். ஏத்தினதும் டிரைவரு கேசட்டப் போட்டுருவாரு. ஒண்ணர வருசமா. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, மூணு தடவ. நான் ஊசி போட்டுக்கிட்டு இருப்பேன், கீழ நீ பாடுவ. சோறு தின்னுக்கிட்டு இருப்பேன், நீ பாடுவ. முதல்ல எல்லார்ட்டயும் சொன்னேன், எங்க அக்காதான்னு. பெறவு சொல்லுறத விட்டுட்டேன்.”

“எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலயேட்டி.”

“என்னன்னு சொல்ல? நல்லாப் பாடியிருக்கன்னா?” ஜெசி பசை ஒட்டிய விரலைத் துணியில் துடைத்தாள். “போன வியாழக்கெழம ஒரு பிள்ள. பத்தொம்பது வயசு. பூச்சி மருந்து. மூணு நாளு எங் கையிலதான் கெடந்தா. என்னக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. சிஸ்டர், சிஸ்டர்னு. நாந்தான் மூக்குல பஞ்சு வச்சேன். கீழ எறக்கினாவ. வேன்ல ஒம் பாட்டு. சங்குப் பாட்டுன்னு நெனச்சேன். இல்ல. பட்டு மடிச்சு வச்சிருக்கேன்னு வருது.”

சாலோமி எந்திரத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“எம் பாட்டுக்கா. எனக்குன்னு நீ எழுதி அனுப்பினது. தாள எம் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். அந்தப் பிள்ளைக்கு அம்மா வேனுக்குப் பின்னால ஓடுதாவ, நீ வழி விடுங்கன்னு பாடுத. அது எனக்குப் பாடினது மாதிரியே இல்ல. அவளுக்குப் பாடினது மாதிரிதான் இருந்துச்சு. அவ்வளவு பொருத்தமா இருந்துச்சு.”

உள்ளே அப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. ஜெசி குரலைத் தாழ்த்தினாள்.

“இப்பல்லாம் நீ வீட்ல பேசினாக்கூட, பைய, சாதாரணமாப் பேசினாக்கூட, எங் கை தன்னால பஞ்சத் தேடுது. நான் வேணும்னு செய்யலக்கா. கை போவுது.”

சாலோமி எந்திரத்தில் இருந்த உறையைப் பார்த்தாள். பாதி விலாசம் அடித்திருந்தது.  ஜெபகனி டீச்சரையும் அப்பாவையும் தெருவையும் அவள் வென்றுவிடலாம். இந்தக் கையை வெல்ல அவளிடம் எந்தப் பாட்டும் இல்லை.

“சரி,” என்றாள் கடைசியில். வார்த்தை மிக மெல்ல வந்தது. பேசுவதற்கே அவளுக்குத் தயக்கமாக இருந்தது. “ரிசப்சன்ல பாடல. அவ்வளவுதான?”

ஜெசி நகர்ந்து வந்து அக்காவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் வைத்துக்கொள்வாள். 

“இன்னொண்ணு கேட்டா கோவப்படுவியா?” என்றாள் முகத்தை எடுக்காமலே. “காலைல சர்ச்சுல கீர்த்தனைக்கு எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாடுவாங்கல்லா. அப்பவும் நீ... கடைசி வரிசைக்கெல்லாம் போவாண்டாம்க்கா, நீ எனக்குப் பக்கத்துலதான் நிக்கணும். எங் கையப் புடிச்சிக்கோ. பாட்டுப் புத்தகத்த விரிச்சு வச்சு, வாய மட்டும் அசைக்கியா, சத்தம் வராம?”